வீட்டுக்குப் பின்னாடி நாட்டுக்கோழி: குஞ்சு சாகாம வளர்த்தெடுக்க முழு வழிகாட்டி

கோழி வளர்ப்பு பத்தி யாரைக் கேட்டாலும் மொதல்ல ஒரு கணக்கு போட்டுக் காட்டுவாங்க. ஒரு பெட்டை வருஷத்துக்கு மூணு தடவை அடை உக்காரும், தடவைக்கு 12 முட்டைன்னு வச்சா 36 முட்டை, அதுல 30 பொரிச்சா 30 கோழி, பத்து பெட்டை இருந்தா 300 கோழின்னு கால்குலேட்டர் பறக்கும். கணக்கு தப்பில்ல, ஆனா அந்த 30 குஞ்சுல எட்டு வாரம் தாண்டி நிக்கிறது எத்தனை? பருந்து தூக்கினது, மழையில நனைஞ்சு வெறைச்சது, கழிச்சல்ல போனது, தண்ணித் தட்டுல விழுந்து செத்ததுன்னு கழிச்சுப் பார்த்தா நிறைய வீட்டுல பத்து கூட தேறாது. நாட்டுக்கோழி வளர்ப்புல லாபமோ நஷ்டமோ முடிவாகிற இடம் அந்த எட்டு வாரம்தான், அதனால இதுல நான் அதிகமா எழுதியிருக்கிறதும் அதைப் பத்திதான். புதுசா ஆரம்பிக்கிறவங்க ஒரு சேவல், ஏழெட்டு பெட்டைன்னு நினைச்சுகிட்டு படிங்க, 500 கோழி பண்ணைக்கு இது ஆகாது.

எந்தக் கோழி, எங்க வாங்குறது

நம்ம ஊர் கொல்லைக்கு சிறுவிடைதான் என் ஓட்டு. பெட்டை ஒண்ணேகால், ஒண்ணரை கிலோதான் நிக்கும், வருஷத்துக்கு 60லேர்ந்து 80 முட்டைக்கு மேல எதிர்பார்க்க முடியாது, ஆனா அதுவே மேஞ்சு, அதுவே அடை காத்து, அதுவே குஞ்சைக் காப்பாத்தும், பருந்து நிழல் தரையில விழுந்தாலே ஒரு சத்தம் கொடுத்து குஞ்சு எல்லாத்தையும் செடிக்கு அடியில ஓட்டிடும். பெருவிடை பார்க்க கம்பீரம், சேவல் மூணு நாலு கிலோ வரும், ஆனா பெட்டை கனமா இருக்கிறதால அடைமுட்டையை உடைக்கிறதும் குஞ்சை மிதிக்கிறதும் உண்டு ("கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா"ன்னு பழமொழி சொன்னவங்க சிறுவிடை வச்சிருந்திருக்கணும்). சேவலுங்க ஒண்ணையொண்ணு கொத்திக் கிழிச்சுக்கும், தனித்தனியா கட்டணும். கழுத்துல முடி இல்லாம இருக்குமே, அந்த கிராப்புக்கழுத்து வெயில் ஊருக்கு நல்லா தாங்கும். கருங்கோழின்னு விக்கிற கடக்நாத் மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்துக் கோழி, விலைக்கு ஆசைப்பட்டு வாங்கிடாதீங்க, அது சரியா அடை உக்காராது, வாங்க ஆள் இருக்கான்னு பார்த்துட்டு போங்க.

முட்டை மட்டும்தான் வேணும்னா வேற வழி இருக்கு. ஹைதராபாத்துல மத்திய அரசோட கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கின வனராஜா, கிராமப்ரியா, பெங்களூரு கிரிராஜா, நம்ம கால்நடைப் பல்கலைக்கழகத்தோட நந்தனம் கோழி இதெல்லாம் கொல்லையில மேயுற மாதிரியே வந்த ரகங்க, முட்டை நாட்டுக்கோழியை விட நல்லாவே கூட வரும். ஆனா இதுங்க பெருசா அடை உக்காராது, அப்ப அடுத்த தலைமுறைக்கு மறுபடி குஞ்சு வாங்கணும், இல்ல சிறுவிடை பெட்டைக்கு அடியில முட்டையை வைக்கணும். ரெண்டையும் கலந்து வச்சிருக்கிற வீடுங்க நிறைய, நல்ல ஏற்பாடுதான்.

வாங்குறப்ப சந்தையில வாங்காதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். சந்தைக்கு வர்ற கோழியில ஒரு பங்கு, வீட்டுல ஒண்ணு ரெண்டு செத்ததும் "இருக்கிறதையாவது காசாக்கிடுவோம்"னு கூடையில போட்டுக் கொண்டு வந்ததுதான். தெரிஞ்ச வீட்டுல, ரெண்டு மூணு மாசமா அந்தத் தெருவுல கோழி சாகலைன்னு விசாரிச்சுட்டு, ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற வெடைக்கோழியா (இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டை) பார்த்து வாங்குங்க. சேவலை வேற வீட்டுல வாங்குங்க, ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களையே சேர்த்துகிட்டு இருந்தா ரெண்டு மூணு தலைமுறையில பொரிப்பு குறையும், குஞ்சு சோப்ளாங்கியா வரும். ஒரு சேவலுக்கு எட்டுலேர்ந்து பத்து பெட்டை. புதுசா எது வந்தாலும் ரெண்டு வாரம் தனியா, பழைய கோழிங்க கண்ணுக்குத் தெரிஞ்சாலும் தண்ணி தீனி கலக்காத தூரத்துல வச்சுப் பார்த்துட்டுதான் சேர்க்கணும்.

கூண்டு

பகல்ல மேயுற கோழிக்கு ராத்திரி தங்குறதுக்குத்தான் கூண்டு, அதனால மாளிகை கட்ட வேணாம். ஒரு கோழிக்கு ஒண்ணரை ரெண்டு சதுர அடி போதும், பத்து கோழிக்கு நாலுக்கு அஞ்சு அடி. நீளவாக்கு கிழக்கு மேற்கா இருந்தா வெயில் நேரா உள்ள விழாது. தரையிலேர்ந்து ஒண்ணரை ரெண்டு அடி தூக்கி, நாலு காலு வச்சு அடிச்சீங்கன்னா மழைத்தண்ணி, பெருச்சாளி ரெண்டும் பிரச்சனை இல்ல, எச்சமும் கீழ விழுந்து எரு ஆகும். பஞ்சாரத்துல (கவுத்து மூடுற பெரிய கூடை) கவுத்துறது பகல்ல தாயும் குஞ்சும் அடைக்கத்தான் சரி, ராத்திரிக்கு பஞ்சாரத்தை நம்பாதீங்க, கீரியும் மரநாயும் அதை ஒரு ஓரமா நிமித்திட்டு வேலையை முடிச்சிடும்.

வலை வாங்குறப்பதான் எல்லாரும் காசு மிச்சம் பிடிக்கிறாங்க. ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் கண்ணு உள்ள வலை கோழி வெளிய போகாம தடுக்கும், ஆனா பாம்பு உள்ள வர்றதைத் தடுக்காது, முட்டை முழுங்குற பாம்புக்கும் குஞ்சு முழுங்குற பாம்புக்கும் அது வாசக்கதவு. அரை இஞ்ச் கம்பி வலை போடுங்க, குறைஞ்சது கீழ ரெண்டு அடி உயரத்துக்காவது. உள்ள உக்கார ரெண்டு இஞ்ச் அகலத்துல கம்பு, ரெண்டடி உயரத்துல. முட்டையிட நாலஞ்சு பெட்டைக்கு ஒரு கூடை, கொஞ்சம் இருட்டான மூலையில, வைக்கோல் போட்டு மேல ஒரு கொத்து நொச்சி இலை, பேன் அண்டாது. வெளிய ஒரு குழி தோண்டி மணலும் அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் வேப்பந்தூளும் கலந்து போட்டு வைங்க, கோழி தானா வந்து புரளும், பேனுக்கு அதுவே பாதி வைத்தியம்.

தெர்மாகோல் இருந்தா வீட்டுப் பக்கம் போடாதீங்க, பஞ்சு மிட்டாய் கண்ட பிள்ளை மாதிரி கொத்தித் தின்னும், ஏன்னு கேட்காதீங்க.

அடை வைக்கிறது

பெட்டை முட்டைக் கூடையை விட்டு எந்திரிக்காம, கையை நீட்டினா உடம்பை உப்பிகிட்டு கொர்ருன்னு கொத்த வந்தா அடைக்கு வந்திருச்சுன்னு அர்த்தம். உடனே முட்டையை வச்சிடாதீங்க, ரெண்டு நாள் ஒண்ணு ரெண்டு கூமுட்டையை வச்சு உக்கார விடுங்க, நிலைச்சு உக்காருதான்னு பார்த்துட்டு, மூணாவது நாள் பொழுது சாஞ்சதும் நல்ல முட்டையை மாத்தி வைங்க. ராத்திரியில வச்சா கலையாது.

முட்டை தேர்வு முக்கியம். ரொம்ப சின்னது, ரொம்ப பெருசு, நீட்டமா வளைஞ்சது, ஓடு மெலிஞ்சது வேணாம். எச்சம் ஒட்டியிருந்தா உலர்ந்த துணியில துடைங்க, தண்ணியில கழுவக்கூடாது, ஓட்டு மேல இருக்கிற பாதுகாப்புப் பூச்சு போயிடும். இட்ட ஏழு நாளுக்குள்ள இருக்கிற முட்டை நல்லது, சித்திரை வைகாசி வெயில்ல நாலு நாள் தாண்டினாலே பொரிப்பு குறையும். கூர்முனை கீழ வர்ற மாதிரி, அடுப்படியிலேர்ந்து தள்ளி, குளிர்ந்த இடத்துல தவிட்டுலயோ அரிசியிலயோ சொருகி வைங்க. ஃப்ரிட்ஜ் வேணாம். இடி இடிச்சா முட்டை கெட்டுடும்னு கூடையில கரித்துண்டும் இரும்பும் காஞ்ச மிளகாயும் போடுவாங்க, அதனால கெடுதல் ஒண்ணும் இல்ல, வீட்டுல பெரியவங்க சொன்னா போட்டுட்டுப் போங்க.

கூடையிலயோ வாய் அகண்ட மண்சட்டியிலயோ அடியில மணல், மேல வைக்கோல், நடுவுல லேசா குழிவு. சிறுவிடைக்கு 10, 12 முட்டை, உடம்புக்கு வெளிய முட்டை தெரிஞ்சா அதிகம்னு அர்த்தம், ஆசையில 15 வச்சா சுத்தி மாறி மாறி எல்லாமே குளிர்ந்து மொத்தமும் போகும். தினம் ஒரு தடவை இறங்கி வந்து தின்னு, குடிச்சு, எச்சம் போட்டுட்டு கால் மணி இருபது நிமிஷத்துல திரும்பிடும். சில பெட்டை இறங்கவே இறங்காது, அதை நீங்களே தூக்கி இறக்கி விடணும், இல்லன்னா உடம்பு உருகி குஞ்சு பொரிக்கிறப்ப எலும்பும் தோலுமா இருக்கும். வெயில் காலத்துல அடியில இருக்கிற மணல்ல லேசா தண்ணி தெளிங்க.

ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை முட்டையோட அகலமான பக்கத்துல ஒட்டி வச்சுப் பாருங்க. உள்ள சிலந்தி மாதிரி ஒரு கரும்புள்ளியும் அதுலேர்ந்து பிரியுற சிவப்பு நரம்பும் தெரிஞ்சா கரு பிடிச்சிருக்கு, வெறும் மஞ்சளா வெளிச்சம் ஊடுருவினா கூமுட்டை, எடுத்துடுங்க. ஒரே நாள்ல ரெண்டு பெட்டையை அடை வச்சா இதுல ஒரு வசதி, கூமுட்டை நீக்கின பிறகு மிச்சத்தை ஒரு பெட்டைக்கே கொடுத்துட்டு இன்னொண்ணை விடுவிச்சிடலாம். 18ம் நாளுக்கு மேல தொடக்கூடாது. 21ம் நாள் பொரிக்கும், ஒரு நாள் முன்னப் பின்ன. ஓட்டை உடைச்சு வெளிய எடுத்து "உதவி" பண்றேன்னு கிளம்பாதீங்க, உள்ள ரத்தநாளம் வத்துறதுக்கு முன்னாடி உரிச்சா குஞ்சு ரத்தம் கசிஞ்சே செத்துடும்.

அடைக்கு வேண்டாத சமயத்துல பெட்டை அடைக்கு வந்தா மூக்குல இறகைக் குத்துறது, தண்ணியில முக்குறதுன்னு ஊர்ப்பக்கம் பண்ணுவாங்க. அது பாவம். அடியில காத்தோட்டம் இருக்கிற கம்பிக் கூண்டுல, வைக்கோல் எதுவும் போடாம மூணு நாலு நாள் வெளிச்சத்துல வைங்க, வயித்துல காத்துப் பட்டதும் தானா தெளியும்.

முதல் எட்டு வாரம்

தாயோட இருக்கிற குஞ்சுக்கு சூடு நீங்க தரவேண்டாம். ஆனா முதல் பத்து பதினஞ்சு நாள் தாயை ஊர் மேய விடாதீங்க, அது எல்லாக் குஞ்சையும் இழுத்துகிட்டு சாக்கடை, ரோடு, பக்கத்து வீட்டு நாய்னு டூர் போகும், போறப்ப பத்து, வர்றப்ப ஏழு. பெரிய பஞ்சாரத்துலயோ வலை மூடின நாலுக்கு நாலு அடைப்புலயோ தாயையும் குஞ்சையும் வச்சு தீனி தண்ணி உள்ளயே குடுங்க, காலையில ஒரு மணி நேரம் இளவெயில்ல விட்டா போதும். நிறையப் பேர் தாயை மட்டும் பஞ்சாரத்துல கவுத்துட்டு குஞ்சை வெளிய விடுவாங்க, குஞ்சு இடுக்கு வழியா போய் வந்துகிட்டு இருக்கும். காக்கா, பருந்து இல்லாத இடத்துக்கு அது சரி.

தாய் இல்லாத குஞ்சுன்னா, அதாவது பண்ணையில ஒருநாள் குஞ்சு வாங்கினாலோ இன்குபேட்டர்ல பொரிச்சாலோ, ப்ரூடர், அதாவது சூடு குடுக்கிற அடைப்பு போடணும். ஒண்ணரை அடி உயரத்துக்கு தகரமோ அட்டையோ வட்டமா வளைச்சு நிறுத்துங்க. சதுரப் பெட்டி வேணாம், குளிர்ற குஞ்சுங்க மூலையில போய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அடியில இருக்கிறது நசுங்கிச் சாகும். கீழ ரெண்டு இஞ்ச் உமி, அது மேல முதல் மூணு நாலு நாள் பேப்பர், இல்லன்னா உமியைத் தீனின்னு தின்னும். பேப்பரை தினம் மாத்துங்க. சூட்டுக்கு குஞ்சுக்கு ரெண்டு வாட்ஸ் கணக்குல பழைய குண்டு பல்பு, 50 குஞ்சுக்கு 100 வாட்ஸ். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது, இதைத் தெரியாம 20 வாட்ஸ் எல்இடி போட்டுட்டு விடிஞ்சு பார்த்து அழுதவங்க உண்டு. குண்டு பல்பு கிடைக்கலைன்னா மண்பானையில கரித்தணல் போட்டு ஓட்டை மூடியால மூடி நடுவுல வைப்பாங்க, கரண்ட் போற ஊருக்கு அது கைவசம் இருக்கணும், ஆனா புகையும் காத்தோட்டமும் பார்த்துக்கணும்.

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைங்க. தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சைப் பாருங்க. பல்புக்கு அடியில குவிஞ்சு கீச் கீச்சுன்னு கத்தினா குளிருது, பல்பை இறக்குங்க. தகரத்தை ஒட்டி ஓரமா போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினா சூடு ஜாஸ்தி, தூக்குங்க. ஒரே பக்கம் ஒதுங்கி நின்னா காத்து அடிக்குது, எதிர்ப்பக்கம் சாக்கு கட்டுங்க. அங்கங்க பரவிப் படுத்து, தின்னுட்டு, மெல்லிசா சத்தம் போட்டா சரியா இருக்கு. வெயில் காலத்துல பத்து நாள் சூடு போதும், ஐப்பசி கார்த்திகை மழையில மூணு நாலு வாரம் கூட தேவைப்படும். குளிரும் ஈரமும் சேர்ந்த அந்த ரெண்டு மாசம் குஞ்சு எடுக்காம இருக்கிறதே புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது.

வந்து இறங்கினதும் மொதல்ல தண்ணி, அதுல லேசா வெல்லமோ குளுக்கோஸோ கரைச்சு, ஒவ்வொரு குஞ்சோட மூக்கையும் ஒரு தடவை தண்ணியில தொட்டு எடுத்து விடுங்க, அப்புறம் அதுவே கத்துக்கும். தண்ணித் தட்டுல கூழாங்கல் போட்டு வைங்க, குஞ்சு விழுந்து நனையாது. ரெண்டு மணி நேரம் கழிச்சு உடைச்ச மக்காச்சோளமோ நொய்யோ பேப்பர்ல தூவி விடுங்க, மறுநாள்லேர்ந்து குஞ்சுத் தீவனம். இங்கதான் ஒரு சண்டை வரும், "நாட்டுக்கோழிக்கு கம்பெனி தீனியா"ன்னு. எட்டு வாரம் வரைக்கும் கடையில விக்கிற ஸ்டார்ட்டர் தீவனம் குடுங்கன்னுதான் சொல்வேன், வளர்ற குஞ்சுக்கு 20 சதவீதம் அளவுக்கு புரதம் வேணும், வெறும் நொய்யும் கம்பும் போட்டா வயிறு ரொம்பும், றெக்கை முளைக்காது. முதல் வாரம் குஞ்சு ஒண்ணு ஒரு நாளைக்கு பத்து கிராம் அளவுதான் தின்னும், அதனால செலவு ஒண்ணும் தலைக்கு மேல போகாது.

செலவே இல்லாத புரதம் கரையான். பழைய மண்பானைக்குள்ள கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணம், தென்னை மட்டைச் சிராய், உளுத்த குச்சின்னு திணிச்சு, தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, சாயங்காலம் கரையான் நடமாட்டம் இருக்கிற இடத்துல பானையைக் கவுத்து வைங்க. அசையாம மேல ஒரு கல்லு. ராத்திரி பூரா ஏறும். விடியக்காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போய் பானையை நிமித்தினீங்கன்னா சாக்கு மேல வெள்ளை வெள்ளையா அப்பியிருக்கும், நேரம் தாழ்த்தினா மண்ணுக்குள்ள இறங்கிடும். அப்படியே கொண்டு வந்து குஞ்சு முன்னாடி உதறுங்க, ஒண்ணு அலகுல வச்சுகிட்டு ஓட மத்ததெல்லாம் அதைத் துரத்தும், தரையில இருக்கிறதை விட்டுட்டு. ஒரு பானை 30 குஞ்சுக்கு தாராளம். வீட்டுக்கு கரையான் மருந்து அடிச்ச இடத்துப் பக்கம் மட்டும் பானை வைக்காதீங்க.

ஆறிலேர்ந்து எட்டு வாரத்துல குஞ்சைத் தாய்கிட்டேர்ந்து பிரிச்சிடுங்க. தாய் கொத்தி விரட்டுற வரைக்கும் காத்திருந்தா அது அடுத்த முட்டைக்கு வர தள்ளிப்போகும், சீக்கிரம் பிரிச்சா வருஷத்துக்கு ஒரு சுத்து முட்டை கூடக் கிடைக்கும்.

தடுப்பூசி, இதுல மட்டும் சால்ஜாப்பு வேணாம்

வெள்ளைக்கழிச்சல், இங்கிலீஷ்ல ராணிக்கெட். இப்ப உத்தராகண்ட்ல இருக்கிற ராணிகேத் ஊரோட பேருதான் அது. வந்தா வைத்தியம் கிடையாது. வெள்ளையும் பச்சையுமா கழியும், றெக்கை தொங்கும், கழுத்து முறுக்கிகிட்டு வானத்தைப் பார்க்கும், ரெண்டு மூணு நாள்ல கூண்டு காலி. வெயில் காலத்துல, கோயில் திருவிழாவுக்கு சந்தையிலேர்ந்து சேவல் வர்ற சமயத்துல தெருத்தெருவா பரவும்.

அட்டவணை ரொம்ப எளிசு. அஞ்சுலேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள எஃப் அல்லது லசோட்டாங்கிற கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ஒரு சொட்டு. கண்ணுல விட்டதும் குஞ்சைக் கீழ போட்டுடாதீங்க, அது கண்ணை மூடித் திறந்து சொட்டு உள்ள போறதைப் பார்த்துட்டு விடுங்க. 28ம் நாள் மறுபடி லசோட்டா, தண்ணியிலயும் குடுக்கலாம், அப்படிக் குடுத்தா ஒரு மணி நேரம் தண்ணி காட்டாம வச்சிருந்து, குளோரின் இல்லாத கிணத்துத் தண்ணியில, லிட்டருக்கு அஞ்சு கிராம் கொழுப்பில்லாத பால்பவுடர் கலந்து குடுங்க. எட்டாவது வாரம் ஆர்2பி, றெக்கைக்கு அடியில தோல்ல அரை மில்லி ஊசி. இதை ஆறு வாரத்துக்கு கீழ இருக்கிற குஞ்சுக்குப் போட்டுடாதீங்க, அது வீரியமான மருந்து, குஞ்சுக்கு நோயே வந்துடும். ஆறு ஏழு வாரத்துல அம்மைத் தடுப்பூசியும் போட்டுட்டா கொசுக் காலத்துல கண்ணு கொண்டையெல்லாம் கொப்புளம் வந்து குருடாகுறது மிச்சம்.

சிக்கல் என்னன்னா மருந்து பாட்டில் 100 டோஸ், 200 டோஸ்னுதான் வரும், உங்ககிட்ட இருக்கிறது 15 குஞ்சு. கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும், மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வச்சு நாளைக்குப் போடலாம்கிற கதையே இல்ல. அதனால தெருவுல நாலு வீட்டைச் சேர்த்துகிட்டு ஒரே நாள் போடுங்க, உங்க கோழிக்கு மட்டும் போட்டுட்டு பக்கத்து வீட்டுல போடாம இருந்தாலும் ஆபத்து உங்களுக்கும்தான். கடையிலேர்ந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்ல கொண்டு வாங்க, சட்டைப் பாக்கெட்ல வந்த மருந்து வெறும் தண்ணி. கால்நடைத்துறை வருஷா வருஷம் பிப்ரவரி வாக்குல ஊர் ஊரா இலவச கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுவாங்க, உங்க ஊர் கால்நடை மருந்தகத்துல தேதி கேட்டு வைங்க.

நோய் வந்த கோழிக்குத் தடுப்பூசி போடக்கூடாது, ஆரோக்கியமா இருக்கிறப்பதான் போடணும். பக்கத்துத் தெருவுல சாக ஆரம்பிச்ச பிறகு ஓடுறவங்கதான் அதிகம். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு அரைச்சு உருட்டிக் குடுக்கிறது கைவைத்தியமா நல்லதுதான், தெம்பு குடுக்கும், ஆனா தடுப்பூசிக்குப் பதில் அது இல்ல. செத்த கோழியை குப்பையிலயோ வாய்க்கால்லயோ வீசாதீங்க, ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடுங்க. ஒரே நேரத்துல நிறைய செத்தா மறைக்காம கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்க, பறவைக் காய்ச்சலான்னு அவங்க பார்க்கணும்.

மத்த தொல்லைங்க சுருக்கமா. மூணு வாரத்துலேர்ந்து ரெண்டு மாசக் குஞ்சு ரத்தமா கழிஞ்சு ஒடுங்கி நின்னா ரத்தக்கழிச்சல், காரணம் ஈர உமியில பெருகுற ஒட்டுண்ணி. உமியை மாத்திட்டு ஆம்புரோலியம் மருந்தை டாக்டர் சொல்ற அளவுல தண்ணியில குடுங்க, உமியை ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறி விட்டா இது பெரும்பாலும் வராது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து. ஆன்டிபயாடிக் குடுத்த கோழியோட முட்டையை டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் சாப்பிடாதீங்க. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962, ஆடு மாடு வச்சிருக்கிறவங்க போன்ல போட்டு வைங்க.

பெரிய கோழிக்குத் தீனி

நல்லா மேய்ச்சல் இருந்தா பெரிய கோழிக்கு நாளைக்கு 40, 50 கிராம் கைத்தீனி போதும், காலையில கொஞ்சம், சாயங்காலம் கூண்டுக்குக் கூப்பிடுறப்ப மிச்சம். சாயங்காலத் தீனியை நிறுத்தாதீங்க, அதுக்காகத்தான் அது வீடு திரும்புது, இல்லன்னா மரத்துல ஏறிப் படுக்கப் பழகிடும். அடைச்சே வளர்த்தா இதைப் போல ரெண்டு மடங்கு ஆகும், அப்ப லாபக் கணக்கே வேற.

பத்து கிலோ கலவைக்கு உடைச்ச மக்காச்சோளமோ கம்போ சோளமோ கலந்து அஞ்சு கிலோ, தவிடு ரெண்டு கிலோ, கடலைப் புண்ணாக்கு ரெண்டு கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் முக்கால் கிலோ, தாது உப்புக் கலவை கால் கிலோ. உப்புக் கருவாடு போட்டா கழிச்சல் வந்து சாகும், கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னா வேற கடை பாருங்க. மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் வாங்குறப்ப மோந்து பாருங்க, பூஞ்சை வாடை இருந்தா எவ்ளோ மலிவா இருந்தாலும் வேணாம், அந்த விஷம் ஈரலைப் பிடிக்கும். கிளிஞ்சல் தூளைத் தனியா ஒரு சட்டியில வைங்க, முட்டையிடுற பெட்டை தேவைக்குத் தின்னுக்கும், கிளிஞ்சல் இல்லன்னா முட்டைத் தோல் மெலிஞ்சு அதுவே கொத்திக் குடிக்கிற கெட்ட பழக்கம் வரும். முருங்கைக்கீரை, அகத்தியைக் கட்டித் தொங்கவிட்டு, அசோலாவை (தண்ணியில மிதந்து வளர்ற சின்ன செடி) தட்டுல வச்சா மஞ்சக்கரு நல்ல நிறமா வரும். வெயில் காலத்துல தீனியை விட தண்ணிதான் கணக்கு, மண்பானை ஓட்டுல வச்சு மதியம் ஒரு தடவை மாத்துங்க.

கோழியோட கூட வேற என்ன வளர்க்கலாம்

கினிக்கோழி ரெண்டு மூணு வச்சா காவலுக்கு ஆள் வேண்டாம், புது ஆள், பாம்பு, கீரி எதைப் பார்த்தாலும் ஊரைக் கூட்டும். அக்கம்பக்கத்துல வீடு நெருக்கமா இருந்தா அதுவே வினை. முட்டை பொரிக்க 26லேர்ந்து 28 நாள், நாட்டுக்கோழிக்கு அடியில வைக்கலாம். வாத்துக்கு 28, மணிலா வாத்துக்கு 35 நாள், ஆனா கோழிக் குஞ்சோட வாத்தை விடாதீங்க, தண்ணியை சேறாக்கி எல்லா இடத்தையும் ஈரம் பண்ணும். வான்கோழியையும் கோழியோட சேர்க்கக்கூடாது, கோழிக்கு ஒண்ணும் பண்ணாத கருந்தலை நோய் வான்கோழியைக் கொன்னுடும்.

முயல் 30, 31 நாள்ல குட்டி போடும், சத்தம் கிடையாது, கொஞ்ச இடம் போதும், ஆனா வெயில் தாங்காது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல மத்திய அரசு முயல் பண்ணை வச்சிருக்காங்கன்னா காரணம் இருக்கு. சமவெளியில வளர்க்கிறவங்க கூண்டு மேல ஓலை போட்டு, ஈர சாக்கு தொங்கவிட்டு, மரத்தடியில வைக்கணும்.

ஆடுன்னா தனிக்கதை, ரெண்டு வரி மட்டும். கன்னி, கொடி, சேலம் கருப்புன்னு உங்க மண்ணுக்குப் பழகின ஆடா ரெண்டு பெட்டைக்குட்டி வாங்குங்க, ஒத்தை ஆடு கத்திகிட்டே இருக்கும். சினை அஞ்சு மாசம். ஆட்டுக்கொல்லி தடுப்பூசியும், மழைக்கு முன்னாடி துள்ளுமாரி ஊசியும் போட்டுடுங்க. அப்புறம் கல்யாண வீட்டு மீதிச் சோறு, பொங்கல் எல்லாம் வாளி வாளியா வைக்காதீங்க, அரிசிச் சோறு வயித்துல புளிச்சு ராத்திரிக்குள்ள ஆடு உப்பிச் செத்துடும், கோழிக்கு நல்லதுன்னா ஆட்டுக்கும் நல்லதுன்னு இல்ல.

"நாங்களே குஞ்சு தர்றோம், நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்"னு யாராவது முன்பணம் கேட்டு வந்தா, அது கோழியோ காடையோ எதுவோ, 2012ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில பணம் போட்டு ஏமாந்தவங்க கதியை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

விக்கிறது

சேவல் அஞ்சு மாசத்துல ஒண்ணேகால் ஒண்ணரை கிலோ வந்துடும், அதுக்கு மேல தின்கிற தீனிக்கு எடை ஏறாது, அப்பவே கழிச்சிடுங்க. தீபாவளி, ஆடி மாசம், ஊர்த் திருவிழாவுக்கு விலை நிக்கும், அதனால அந்தத் தேதியிலேர்ந்து ஆறு மாசம் பின்னாடி எண்ணி அடை வைங்க, புரட்டாசியில யாரும் வாங்க மாட்டாங்க. உயிரோட எடை போட்டு வீட்டுக்கே வந்து வாங்குறவங்களுக்குக் குடுங்க, வியாபாரிகிட்ட மொத்தமா குடுத்தா கிலோவுக்கு கணிசமா அடிபடும். அவர் கொண்டு வர்ற கூடையை மட்டும் கொல்லைக்குள்ள விடாதீங்க, அது இருபது வீட்டு எச்சத்தோட வருது. வாசல்லயே வச்சு, நீங்களே பிடிச்சுக் கொண்டு வந்து குடுங்க. நல்லா அடை உக்காந்து, நிறைய குஞ்சு காப்பாத்துற பெட்டையை யார் எவ்ளோ கேட்டாலும் கொடுக்காதீங்க, அதோட காலுல ஒரு கலர் நூல் கட்டி வச்சு, அடுத்த வருஷத்துக்கு வெடைக்கோழியை அதோட குஞ்சுலேர்ந்தே எடுங்க.